இயற்கையோடு கருத்து வேறுபாடு உள்ள குழந்தை

உல்லாசப் பூங்காவின் நுழைவுப் படிவத்தில் மொத்தம் நாற்பத்தொரு கேள்விகள். அதில் முப்பத்தெட்டாவது கேள்விக்கு, பூங்கா திறந்த நாளிலிருந்து ஒரு மனிதர்கூட ‘ஆம்’ என்று பதில் சொன்னதில்லை. ‘உங்களுடன் வரும் குழந்தைக்கு ஏதேனும் செடியோ பூவோ ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டா?’ என்பது கேள்வி. லட்சக்கணக்கான குடும்பங்கள் கண்ணை மூடிக்கொண்டு ‘இல்லை’ என்று தட்டிவிட்டு உள்ளே போய், ராட்டினத்தில் சுற்றி, வாந்தி எடுத்து, ஐஸ்கிரீம் தின்று, சந்தோஷமாக வீடு போய்ச் சேர்ந்திருக்கின்றன. அந்த இடத்தில் ‘ஆம்’ என்று தட்டிய ஒரே பிரகிருதி நம் லிஃப்ட் மெக்கானிக்தான்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை, தொழில் புத்தி அப்படி. பதினாறு வருஷமாக அடுக்குமாடிக் கட்டடங்களின் லிஃப்டுகளைப் பழுதுபார்க்கிறவர். ஒவ்வொரு மோட்டார் அறையிலும் ஆணியில் ஒரு பதிவுப் புத்தகம் தொங்கும். கம்பி வடத்தில் ஒரே ஓர் இழை அறுந்திருந்தாலும், கதவு அரை நொடி தாமதமாக மூடினாலும், தேதி போட்டு எழுதி, கையெழுத்து வைத்துவிட்டுத்தான் கீழே இறங்குவார். எழுதிவிட்டால் யாராவது படிப்பார்கள், படித்தால் ஏதாவது செய்வார்கள் என்று ஒரு நம்பிக்கை. இந்த வயதிலும் அதை வைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

“என்னங்க, அதுல ஒண்ணும் எழுதாதீங்க” என்றாள் மனைவி. துணிக்கடையில் கால்சட்டை நீளம் குறைத்துத் தைக்கிறவள் அவள். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே பேசுகிற பழக்கம் இருப்பதால் எதையும் சுருக்கமாகத்தான் சொல்வாள். “எங்க அண்ணன் பிள்ளைங்க மூணு தடவை போயிட்டு வந்தாச்சு. பெரியவனுக்கு மூக்கு ஒழுகாத நாளே கிடையாது. யாரும் ஒண்ணும் எழுதல. சும்மா போனோமா, பூ இருக்கற பக்கம் போகாம பார்த்தோமா, வந்தோமான்னு இருக்கலாம்.”

“சொல்லிட்டா அவங்களும் பார்த்துப்பாங்கல்ல?”

“யாரு பார்த்துப்பாங்க?”

அவர் ‘ஆம்’ என்று தட்டிவிட்டார்.

விஷயம் இதுதான். அவர்களுடைய ஒரே பெண் சிட்டுக்கு ஏழு வயது. அவளுக்குச் சாமந்திப் பூ ஆகாது. போன வருஷம் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சருக்கு வழியனுப்பு விழா நடத்தினார்கள். ஆளுக்கொரு சாமந்திக் கொத்தைக் கையில் கொடுத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். அரை மணி நேரத்தில் சிட்டுவின் கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன, கழுத்தெல்லாம் தடிப்பு, மூச்சு விசில் அடித்தது. டாக்டர் ஒரு இன்ஹேலரும், பேனா மாதிரி இருக்கிற இரண்டு ஊசிகளும் எழுதிக் கொடுத்தார். “மூச்சு இழுத்தா யோசிக்காதீங்க, துணிக்கு மேலயே தொடையில குத்திடுங்க. எப்பவும் கை எட்டுற தூரத்துல இருக்கணும். அஞ்சு நிமிஷத்துக்கு மேல தாமதிச்சா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல” என்றார். அன்றிலிருந்து அந்த மருந்துப் பை அவர்களோடு சந்தைக்கும் போகும், கழிப்பறைக்கும் போகும்.

சிட்டுவுக்கு வேண்டியது தண்ணீர்ச் சறுக்கு ஒன்றுதான். நாலு மாடி உயரத்திலிருந்து படகில் சறுக்கி வந்து குளத்தில் விழுவது. நூற்றுப் பதினைந்து சென்டிமீட்டர் உயரம் இருந்தால்தான் ஏற்றுவார்கள். அலமாரிக் கதவில் கோடு போட்டு வாராவாரம் நின்று பார்த்து, போன மாதம்தான் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தாள்.

பூங்காவின் வாசலில் மற்ற குடும்பங்கள் சீட்டைக் காட்டிக் காட்டி உள்ளே போய்க்கொண்டிருந்தன. லிஃப்ட் மெக்கானிக் சீட்டைக் காட்டியதும் இயந்திரம் மஞ்சள் விளக்கைப் போட்டு இசை வாசித்தது. சீருடை போட்ட இரண்டு பெண்கள் ஓடிவந்து கைதட்டினார்கள்.

“வாழ்த்துகள் சார். உங்களுக்குச் சிறப்பு அக்கறை ஒதுக்கப்பட்டிருக்கு. ஓரமா வாங்க.”

ஓரமாகப் போனார்கள். ‘அக்கறைத் துறை’ என்று பலகை தொங்கிய அறைக்குக் கூட்டிப் போனார்கள். கதவைத் திறந்ததுமே லிஃப்ட் மெக்கானிக்குக் குப்பென்று வாசனை அடித்தது. மேஜை மேல் பூச்சாடி, அது நிறைய மஞ்சள் சாமந்தி. மகளைத் தோளைப் பிடித்து வெளியே இழுத்தார்.

“உள்ள வாங்க சார், ஏசி இருக்கு” என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்த அக்கறை அதிகாரி. நெற்றியில் ஒரு சுருக்கம்கூட இல்லாத, நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

“உள்ள சாமந்தி இருக்கு.”

“ஆமா சார். தினமும் புதுசா வைக்கிறோம்.”

“அதுதான் எங்க பொண்ணுக்கு ஆகாது. படிவத்துல எழுதியிருக்கேனே.”

“எழுதியிருப்பீங்க. நான் இன்னும் படிவத்தைத் திறக்கலயே. விருந்தினர் உள்ள வந்து உக்காந்தாதான் திறக்க முடியும்.”

“அப்ப அந்தப் பூவை எடுத்து வெளிய வெச்சிடுங்களேன்.”

அதிகாரி வருத்தத்தோடு சிரித்தார். “அது பூ இல்ல சார், எங்க துறையோட சின்னம். மேஜை, நாற்காலி, பூச்சாடி மூணும் இருந்தாதான் இது அலுவலகம். ஒண்ணு குறைஞ்சாலும் நான் போடற கையெழுத்து செல்லாது. செல்லாத கையெழுத்துல உங்க குழந்தையை எப்படி உள்ள அனுப்பறது, நீங்களே சொல்லுங்க.”

கடைசியில் மனைவியும் மகளும் வெயிலில் நிற்க, லிஃப்ட் மெக்கானிக் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்தார். அதிகாரி படிவத்தைத் திறந்து முப்பத்தெட்டாவது கேள்வியைப் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு எழுந்து கை கொடுத்தார்.

“நான் சேர்ந்து ஏழு வருஷமாச்சு. இந்தக் கேள்விக்கு ஒரு ஆள் வரமாட்டாரான்னு காத்துக்கிட்டே இருந்தேன். உங்களுக்காகவே ஒரு தனிக் கையேடு இருக்கு, இருநூறு பக்கம். பிரிக்கவே இல்ல.”

“அலர்ஜி இருக்குன்னு சொன்னா ஜாக்கிரதையா இருப்பீங்கன்னுதான் எழுதினேன்.”

“அந்த வார்த்தை வேண்டாம் சார். இது மகிழ்ச்சியான இடம். நோய், அலர்ஜி இதெல்லாம் நாங்க வாயால சொல்றதில்ல. ‘இயற்கையோடு கருத்து வேறுபாடு உள்ள விருந்தினர்’னு சொல்றோம். ரெண்டு பக்கத்துக்கும் மரியாதை பாருங்க.”

“எந்த ரெண்டு பக்கம்?”

“உங்க பொண்ணு ஒரு பக்கம். பூ ஒரு பக்கம்.”

லிஃப்ட் மெக்கானிக் இதைக் கொஞ்ச நேரம் மென்று பார்த்தார். விழுங்க முடியவில்லை. அதற்குள் அதிகாரி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

“மருந்து வெச்சிருக்கீங்களா?”

“இருக்கு. இன்ஹேலர், ஊசி எல்லாம்.”

“கொடுத்துடுங்க. அறிவிச்ச விருந்தினரோட மருந்து எங்க பாதுகாப்புல இருக்கணும். ஏரிக்கு அந்தப் பக்கம் மருத்துவ நிலையம் இருக்கு. பையில போட்டு, சீல் வெச்சு, குளிர்ச்சியா வெச்சுப்பாங்க.”

“அது பக்கத்துலயே இருக்கணும் சார். டாக்டர் சொல்லியிருக்கார்.”

“பக்கத்துலதான். பதினொரே நிமிஷம். போன வருஷம் பதினாலு நிமிஷம் ஆச்சு. பதினொண்ணாக் குறைச்சதுக்குத்தான் அந்தக் கேடயம்” என்று சுவரைக் காட்டினார். பளபளவென்று ஒரு கேடயம் தொங்கியது.

“அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா மூச்சு நின்னுடும்னு டாக்டர் சொன்னார்.”

“அது அவரோட கணக்கு. நாங்க ஆள் வெச்சு ஓடவிட்டு அளந்திருக்கோம்.”

“நிஜமா யாருக்காவது கொடுத்திருக்கீங்களா?”

“யாரும் கேட்கலயே சார். அந்த அளவுக்குப் பாதுகாப்பான இடம் இது.”

“மத்தவங்க பையில மருந்து இருக்காதா? அவங்ககிட்ட வாங்கறீங்களா?”

“அவங்ககிட்ட இருக்கறது எங்களுக்குத் தெரியாதே. தெரியாததை எப்படி வாங்கறது?” அதிகாரி பரிவோடு பார்த்தார். “நீங்க சொல்லிட்டீங்க. அதனால தெரிஞ்சுபோச்சு.”

திரும்பிப் போய்விடலாம் என்று வெளியே வந்து, மருந்தைக் கேட்கிறார்கள் என்று மனைவியிடம் சொன்னார். சிட்டு கதவுக்கு வெளியே கால் விரலில் நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் மரங்களுக்கு மேல் சறுக்கின் உச்சி தெரிந்தது. ஒரு படகு அங்கே ஒரு கணம் நின்று கவிழ்ந்து மறைந்தது. “அப்பா, அது அதுதானேப்பா?” என்றாள். அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பதினோரு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அந்தப் பார்வையை அவர் மனப்பாடமாக அறிவார். அவள் ஓரமாகத் திரும்பி நின்று கைப்பையைக் குடைந்து, மருந்துப் பையை எடுத்து நீட்டினாள்.

சிட்டுவின் கையில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டார்கள். அதில் பெரிதாக ஒரு மஞ்சள் சாமந்தி அச்சடித்திருந்தது. துறையின் சின்னம்.

“இது பரவாயில்லையாப்பா?”

“படம்தான்மா. ஒண்ணும் பண்ணாது.”

அடுத்ததாகத் தோட்டத் துறைத் தலைவர் வரவேண்டும் என்று கையேட்டில் இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். முட்டிவரை பூட்ஸ், இடுப்பில் கத்தரிக்கோல். செய்தியைக் கேட்டதும் முகம் சுண்டிப்போயிற்று, யாரோ அவர் பெண்ணைப் பற்றித் தப்பாகப் பேசிவிட்ட மாதிரி.

“என் பூவா? நாலு லட்சம் செடி வெச்சிருக்கேன். ஒவ்வொண்ணும் நான் பார்த்து வளர்த்தது. ஒரு செடி ஒருத்தரை ஏதாவது பண்ணியிருக்கா? ரோஜாவைச் சொல்லுங்க, முள் இருக்கு, ஒத்துக்கறேன். சாமந்தி என்ன பண்ணும்? அதுக்கு என்ன தெரியும்?”

“பூ மேல தப்பு சொல்லல சார். இவ உடம்புக்கு ஒத்துக்கல, அவ்வளவுதான்.”

“அப்ப தப்பு எங்கன்னு நீங்களே சொல்லிட்டீங்க” என்றார் தலைவர், கொஞ்சம் சமாதானமாகி. “சாமந்தியில மட்டும் என்கிட்ட அறுபத்து நாலு ரகம் இருக்கு. இதுல எது ஆகாதுன்னு குறிப்பாச் சொல்லணும். சொல்லாம எல்லாத்தையும் சந்தேகப்பட்டா மத்த அறுபத்து மூணுக்கும் அவமானம். குழந்தையை ஒரு சுத்து கூட்டிட்டு வாங்க, ஒவ்வொண்ணா மோந்து பார்த்துச் சொல்லட்டும்.”

பூங்காவுக்கு வந்ததிலிருந்து மனைவி முதல்முறையாக வாயைத் திறந்தாள். “உங்க பொண்ணா இருந்தா மோந்து பார்க்கச் சொல்லுவீங்களா?”

“என் பொண்ணு ஒரு கருத்து வேறுபாடும் இல்லாம வளர்ந்தவம்மா.”

மோந்து பார்ப்பதற்கு இவர்கள் மறுத்ததை எழுதிக்கொண்டு, ‘பாதுகாப்பான பாதை’ என்று ஒரு வரைபடம் கொடுத்தார். பூவே கண்ணில் படாமல் பூங்கா முழுக்கச் சுற்றிவர அதில் பச்சைக் கோடு போட்டிருந்தது. லிஃப்ட் மெக்கானிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. எழுதியது வீண்போகவில்லை என்று மனைவியிடம் சொல்லவும் செய்தார்.

பச்சைக் கோடு பூங்காவின் பின்பக்கத்தைச் சுற்றிப் போயிற்று. முன்பக்கம் பூராவும் பூ. பூ இல்லாத இடம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் பாதை போயிற்று. சமையற்கூடத்தின் பின்வாசல், எண்ணெய் டின்கள், ஜெனரேட்டர் அறை, வேலையாட்களின் கழிப்பறை, குப்பை அரைக்கும் இயந்திரம். தலைக்கு மேலே ராட்டினங்கள் சுழன்றன, பிள்ளைகள் கத்தினார்கள். இவர்கள் அடியில் நடந்தார்கள். சிட்டு ஒவ்வொரு தூணாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். தண்ணீர்ச் சறுக்கின் அடிவாரம் வந்தபோது மேலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் அவள் தலையில் விழுந்தது. சிரித்தாள்.

“மேல ஏற வழி எங்கப்பா?”

“முன்பக்கம்மா.”

“முன்பக்கம் எப்பப் போவோம்?”

அவர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிட்டு ஒரு தூணில் முதுகை ஒட்டி நின்று, உள்ளங்கையைத் தலைமேல் வைத்து, தான் எவ்வளவு உயரம் என்று பார்த்துக்கொண்டாள்.

குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரடி உட்கார்ந்திருந்தது. தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தது. உள்ளே இருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். கழுத்தைச் சுற்றிச் செக்கச்செவேல் என்று தடிப்பு. சிட்டு அதையே பார்த்தாள்.

“மாமா, உங்களுக்கும் பூ ஒத்துக்காதா?”

“பூ இல்லடா கண்ணு. இந்தத் துணிதான். உள்ள புகுந்தா பத்து நிமிஷத்துல அரிக்க ஆரம்பிச்சிடும்.”

“அப்ப சொல்லலாம்ல?” என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

கரடி அவரை ஏற இறங்கப் பார்த்தது. “வேலையில சேர்றப்ப ஒரு படிவம் கொடுத்தாங்க சார். ஏதாவது ஒத்துக்காதான்னு. எனக்கு முன்னாடி வரிசையில நின்னவர் ஆமான்னு எழுதினார். அக்கறையா விசாரிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நான் இல்லன்னு எழுதினேன். ஒன்பது வருஷமா வேலை ஓடுது.” மிச்ச ரொட்டியைச் சிட்டுவிடம் நீட்டியது. “குழந்தைக்கு ஏன் சார் இந்தப் பட்டையெல்லாம்? நல்லாத்தானே இருக்கா.”

சிட்டு ரொட்டியைக் கடித்துக்கொண்டே கையில் கட்டிய பட்டையைத் திருப்பி, படம் உள்பக்கம் போகும்படி செய்துகொண்டாள்.

அப்போதுதான் ஒலிபெருக்கி அலறியது. இன்றைய அக்கறை விருந்தினராக ஒரு சிறுமி தேர்வு செய்யப்பட்டிருக்கிறாள், நண்பகல் மேடையில் இயக்குநர் அவளைக் கௌரவிப்பார் என்றது. ஐந்து நிமிஷத்தில் பேட்டரி வண்டியில் அக்கறை அதிகாரியே வந்து இறங்கினார்.

“வேண்டாம் சார்” என்றார் லிஃப்ட் மெக்கானிக். “மேடைன்னா பூ இருக்கும்.”

“இருக்காது. நானே முன்ன நின்னு எடுக்கச் சொல்லிட்டேன்.”

“மேல இருந்து பூத் தூவுவாங்களே, விளம்பரத்துல பார்த்தேன்.”

“அது காகிதம். எழுத்துல தரேன்” என்று ஒரு தாளை நீட்டினார். ‘நிகழ்ச்சியில் பயன்படுத்தப்படுபவை காகித இதழ்கள் மட்டுமே’ என்று அச்சிட்டு, தேதி போட்டு, முத்திரை குத்தி, கையெழுத்தும் வைத்திருந்தது. “நிகழ்ச்சி முடிஞ்சதும் பாப்பாவை வேலையாள் படிக்கட்டு வழியா நேரா சறுக்குக்கு ஏத்தி விடறோம். அந்தப் படிக்கட்டுல ஒரு பூ கிடையாது.”

சிட்டு அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மனைவி, “வீட்டுக்குப் போயிடலாங்க” என்றாள். லிஃப்ட் மெக்கானிக் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தேதி சரி, முத்திரை சரி. எழுத்தில் இருக்கிறதே. சரியென்று தலையை ஆட்டினார்.

மேடைக்கு முன்னால் இரண்டாயிரம் பேர் இருப்பார்கள். சிட்டுவை நடுவில் நிறுத்தினார்கள். அப்பாவையும் அம்மாவையும் மேடைக்குக் கீழே ஒரு கயிற்றுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். இயக்குநர் வெள்ளை உடுப்பில் வந்து ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“அன்பான விருந்தினர்களே. உலகத்தில் எத்தனையோ பூங்காக்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் இப்படிப்பட்ட குழந்தை வந்தால் என்ன செய்வார்கள்? பேசாமல் உள்ளே விட்டுவிடுவார்கள். அது அக்கறையா? நாங்கள் அப்படி விட்டுவிடவில்லை. காலையிலிருந்து இந்தக் குழந்தைக்காக மூன்று துறைகள் வேலை செய்திருக்கின்றன. இரண்டு கூட்டங்கள் நடந்திருக்கின்றன. இன்று இந்தக் குழந்தை ஒரு விளையாட்டிலும் ஏறவில்லை என்று கேள்விப்பட்டேன். ஏன்? ஏறினால் ஆபத்து. அந்த ஆபத்தையே நாங்கள் ஒழித்துவிட்டோம்.” கைதட்டல் அடங்கக் காத்திருந்தார். “சிலர் கேட்கிறார்கள், அந்தப் பூவையே எடுத்துவிட்டால் என்ன என்று. எளிதான வழிதான். ஆனால் எளிதான வழியில் போனால் அக்கறைத் துறைக்கு என்ன வேலை? என்னைப் பொறுத்தவரை ஒவ்வொரு குழந்தையும் ஒரு மலர். அதனால், மலர்களே, மலரை வாழ்த்துங்கள்.”

மேலே ஒரு வலை அவிழ்ந்தது. மஞ்சளாக மழை கொட்டியது. கூட்டம் ஆரவாரித்தது. ஓர் இதழ் காற்றில் மிதந்துவந்து லிஃப்ட் மெக்கானிக்கின் கையில் விழுந்தது. ஈரமாக இருந்தது. காகிதம் ஈரமாக இருக்காது.

கயிற்றைத் தாண்டப் போனவரைக் காவலர் மறித்தார். “நிகழ்ச்சி நடந்துட்டிருக்கு சார்.” அவர் தள்ளிவிட்டுத் தாவினார். சிட்டு தலை, தோள் எல்லாம் மஞ்சளாக நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை இருமினாள். அடுத்த தடவை இருமல் வரவில்லை, விசில் சத்தம் வந்தது. பக்கவாட்டில் தோட்டத் துறைத் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு பூரிப்போடு நின்றுகொண்டிருந்தார்.

“காகிதம்னு எழுதிக் கொடுத்தீங்களே” என்று கத்தினார் லிஃப்ட் மெக்கானிக்.

“எழுதிக் கொடுத்தது நான் சார்” என்றார் அக்கறை அதிகாரி. “தூவறது தோட்டத் துறை. வேற துறை.”

“என் பூ ஒண்ணும் பண்ணாதுன்னு ஊருக்கே தெரியட்டும்னுதான்” என்றார் தலைவர்.

மனைவி மேடையேறி மகளைத் தூக்கிக்கொண்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள் லிஃப்ட் மெக்கானிக் ஏரியைப் பார்த்து ஓடினார். பூப்பாத்திகளை மிதித்துக்கொண்டு, வரிசைகளைக் கிழித்துக்கொண்டு ஓடினார். பதினோரு நிமிஷ தூரத்தை ஆறு நிமிஷத்தில் கடந்து மருத்துவ நிலையத்தின் கதவில் மோதினார். செவிலி நிதானமாக நிமிர்ந்து பார்த்தாள்.

“மருந்துப் பை. என் பொண்ணு. மூச்சு.”

“இருக்கு சார், பத்திரமா இருக்கு. சீல் வெச்சிருக்கு. உடைக்கறப்ப அக்கறை அதிகாரி கூட இருக்கணும்.”

“அவர் மேடையில இருக்கார்.”

“அப்ப நிகழ்ச்சி முடிஞ்சதும் வந்துடுவார். உக்காருங்க, தண்ணி தரட்டுமா?”

அவர் மேஜையைத் தாண்டி, கண்ணாடி அலமாரியை முழங்கையால் உடைத்து, பையைப் பிடுங்கிக்கொண்டு திரும்ப ஓடினார். முழங்கையிலிருந்து ரத்தம் வடிந்தது அவருக்குத் தெரியவில்லை. ஓடும்போதே சீலைப் பல்லால் கடித்துப் பிரித்தார். உள்ளே இன்ஹேலர் இருந்தது. ஊசி ஒன்றுதான் இருந்தது. இரண்டாவது எங்கே விழுந்தது என்று பைக்குள் துழாவிக்கொண்டே ஓடினார்.

மேடைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். மகள் மடியில் கிடந்தாள். தலைமுடியெல்லாம் ஈரம். முகம் வீங்கி, உதடு தடித்திருந்தது. ஆனால் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சு வந்துகொண்டிருந்தது. மனைவியின் பக்கத்தில் காலியான ஊசிப் பேனா ஒன்று கிடந்தது.

“ரெண்டு இருந்துச்சுல்ல” என்றாள் அவரை நிமிர்ந்து பாராமல். “ஒண்ணுதான் கொடுத்தேன். இன்னொண்ணை ரவிக்கைக்குள்ள சொருகிட்டேன்.”

அவர் பையைக் கையில் பிடித்தபடி நின்றார். ஓடியது, உடைத்தது, ரத்தம், எல்லாம் ஒன்றுமில்லாமல் போயிற்று. அவர் நேர்மையாக நம்பியதை அவளும் நம்பியிருந்தால் பிள்ளை இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பாள். இதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அக்கறை அதிகாரி படிவத்தோடு வந்து மனைவியின் முன்னால் மண்டியிட்டார்.

“அம்மா, அந்த ஊசி எங்க இருந்து வந்துச்சு? அறிவிக்கப்படாத மருந்து பூங்காவுக்குள்ள வந்திருக்கு. இது பெரிய மீறல். நான் எழுதித்தான் ஆகணும்.”

“எழுதிக்கோங்க.”

“ஒரு வருஷத்துக்கு நீங்க உள்ள வர முடியாது.”

“கும்பிடு போட்டுட்டுப் போறோம்.”

அதிகாரி தாளைத் திருப்பினார். “நடந்ததுக்கும் ஒரு கையெழுத்து வேணும். ‘விருந்தினர் மகிழ்ச்சி மிகுதியால் மூச்சுத் திணறினார்’னு போட்டிருக்கேன். தப்பா நினைக்காதீங்க, மூச்சுத் திணறலுக்கு எங்க படிவத்துல அந்த ஒரு காரணம்தான் இருக்கு.”

லிஃப்ட் மெக்கானிக் அந்தத் தாளை வாங்கி நாலாகக் கிழித்து அவர் சட்டைப் பையில் வைத்தார். அதிகாரிக்குக் கோபம் வரவில்லை. கிழிந்த தாளுக்கு என்ன படிவம் என்று கையேட்டைப் புரட்டத் தொடங்கினார். மகளைத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் வெளியே வந்து, கிடைத்த வண்டியில் ஏறி, பக்கத்து ஊர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

அங்கே ஒரு பூகூட இல்லை. பச்சைச் சுவர், இரும்புக் கட்டில், மருந்து நெடி. இன்னொரு ஊசி போட்டார்கள், மூக்கில் குழாய் வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் சிட்டுவின் கண் பாதி திறந்தது. அப்பாவின் கையைப் பிடித்தபடி படுத்திருந்தாள். வயதான செவிலி ஒருத்தி அட்டையோடு வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். அன்று அவர்கள் பார்த்த முகங்களில் களைப்பாகத் தெரிந்த முதல் முகம் அதுதான்.

“ஏன்டா கண்ணு, உனக்கு ஏதாவது ஒத்துக்காதா? சாப்பாடு, மருந்து, பூ, ஏதாவது?”

சிட்டு யோசிக்கவே இல்லை. தடித்த உதட்டை மெதுவாக அசைத்தாள்.

“இல்ல ஆன்ட்டி. ஒண்ணும் இல்ல.”

செவிலி அட்டையில் குனிந்தாள். மனைவி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

“இருக்கு” என்றார் லிஃப்ட் மெக்கானிக். “சாமந்திப் பூ ஆகாது. அதனாலதான் இப்படி ஆச்சு. எழுதிக்கோங்க.”

“சரி” என்று எழுதிக்கொண்டாள் செவிலி. வேறொன்றும் கேட்கவில்லை. அட்டையைக் கட்டில் தலைமாட்டில் மாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

சிட்டு பாதி திறந்த கண்ணால் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன்ப்பா சொன்ன?”

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் தன் கையை அவர் பிடியிலிருந்து உருவி, போர்வைக்குள் வைத்துக்கொண்டு, அம்மா நிற்கிற பக்கமாகத் திரும்பிப் படுத்தாள்.